சோறு ஆறுது என்று தொடங்கும் பாட்டு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து அடங்கியது. அடங்கிய பிறகும் கடுகு வெடிக்கிற சத்தம் நிற்கவில்லை. கரண்டியைப் பார்த்தேன், உள்ளே எல்லாம் கறுத்துச் செத்துக் கிடந்தது. சத்தம் கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே என் பேத்தி நிவேதா, சின்ன மகளுடைய பெண், செல்போனும் கையுமாகப் படுத்திருந்தாள். கடுகுச் சத்தத்தின் மேல் ஒரு பொம்பளையின் குரல் அதட்டலாகக் கேட்டது: "டேய் தம்பி, சோறு ஆறுது, வாடா!"

என் குரல். எல்லாப் பல்லும் இருந்த காலத்துக் குரல். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உன் பியானோ.

கரண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய் நின்றேன்.

"ஆயா, கருகுது!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் நிவேதா.

"கருகட்டும். இது எங்கேந்துடி வந்துச்சு?"

"இது ஒரு பீட்டு ஆயா. நெட்ல இருக்கு. ராப் பாடறவங்களுக்கு வெறும் மியூசிக் மட்டும் போட்டுக் குடுப்பாங்க. சோகமா வீடியோ போடறவங்க எல்லாம் இதத்தான் பின்னாடி வச்சிக்கறாங்க. ஏன்?"

"பேசறது யாரு?"

"யாரோ ஒரு பொம்பள."

"அந்த யாரோ ஒரு பொம்பள நான்தாண்டி."

அவள் சிரித்தாள். வயசானவர்கள் கண்டதையும் தன்னுடையது என்பார்கள் என்று நினைத்திருப்பாள். அவளை உட்காரச் சொன்னேன். "கேட்டுக்கினே இரு. இந்தப் பியானோ சுத்திச் சுத்தி ஒரே மாதிரி வரும். நாலாவது சுத்துல கடைசி கட்டைய அடிக்காம வுட்ருவான் பாரு."

நாலாவது சுற்று வந்தது. கடைசிக் கட்டை விழவேண்டிய இடம் காலியாக இருந்தது. நிவேதாவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"யாரு ஆயா வாசிக்கிறது?"

அவள் பால் குடிக்கிற குழந்தையாக இருந்தபோது நீ போனாய். உன் முகம் அவளுக்குச் சுவரில் மாட்டிய படம், அவ்வளவுதான். அவளுக்குப் பாதி சொன்னேன். மீதியை உனக்கே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும்.

முதலில் பழைய வழக்கிலிருந்து தொடங்குகிறேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதான் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். இதை நீ இருந்தபோது பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை சொன்னால் குறைந்துபோகாது. அம்மா கழனிக்குப் போய்விடுவாள். நீ நடக்கத் தொடங்கியதும் என் வேலை மாறியது. தூக்குகிற வேலை போய், கூப்பிடுகிற வேலை வந்தது. நீ போய் நிற்கிற இடம் செங்கல்பட்டில் ஒன்றே ஒன்றுதான், மாதா கோயிலின் பக்கச் சுவர். உள்ளே ஒரு பழைய பியானோவில் யாராவது பழகிக்கொண்டிருப்பார்கள். நான் தெருமுனையில் நின்று கத்துவேன். நீ திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவாய், இரு என்று. சோறு ஆறிப்போகும். அடி எனக்கு விழும்.

அந்தச் சுவரிலேயே கேட்டுக் கேட்டு, பிறகு யார் யாரிடமோ பழகி, கீபோர்டு வாசிக்கிறவனாக வந்து நின்றாய். தொண்ணூறுகளில் உன் கை ஓய்ந்ததே இல்லை. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று இன்னிசைக் குழுவோடு வேனில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாய். கருங்குழித் திருவிழாவுக்கு நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் மாறி வந்தேன், மேடையில் உன்னைப் பார்க்கலாம் என்று. அந்தக் குழு நடத்தியவர் உன்னை டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். முன்னால் அவர் நின்றார், பட்டுச் சட்டையில். கச்சேரி முடிகிறவரை எனக்கு உன் தலைமுடிகூடத் தெரியவில்லை.

"கையாவது தெரிஞ்சிச்சாக்கா?" என்றாய் மறுநாள்.

"கையும் தெரியல, காலும் தெரியல. அந்த ஆளு முதுகுதான் தெரிஞ்சுது."

"காது கேட்டுச்சு இல்ல? அது போதும் வுடு."

உனக்குப் போதும். எனக்குப் போதவில்லை. உன் சாவுக்கு அந்த ஆள் பெரிய மாலையோடு வந்தார். நான் வாங்கி ஓரமாக வைத்தேன். உன்மேல் போடவில்லை.

நான் கல்யாணமாகி வந்திருந்த மாமல்லபுரத்து வீட்டில், உன் மாமா சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்த நாளில்தான் நீ எங்களோடு வந்து சேர்ந்தாய். குழுக்களுக்கு வேலை குறைந்துபோயிருந்தது. ஊரில் பாட்டுப் போட ஸ்பீக்கரும் ஒரு சிடியும் போதும் என்றாகிவிட்டது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறையை உனக்குக் கொடுத்தோம். மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு, சமையலறை ஜன்னலை ஒட்டி ஏறும். நடுவில் ஒரு படியின் தகடு விட்டுப்போய், மிதித்தால் 'டணக்'கென்று ஆடும். உன் மாமா வெல்டிங் வைக்கிறேன், வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லிக்கொண்டே இருந்த காரியங்களை எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

சாயங்காலம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாசிப்பாய். பகலில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, கீபோர்டை அதில் சொருகி, திரையில் கட்டம் கட்டமாக எதையோ நகர்த்திக்கொண்டிருப்பாய். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி இருக்கும். என் ரஜாய் இரண்டையும் சுவரில் ஆணி அடித்து மாட்டினாய், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க. அந்த வருஷக் குளிருக்குப் பிள்ளைகள் என் புடவையைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

அந்த வெள்ளைக்காரர் வந்தது அப்போதுதான். கல் செதுக்கப் பழகுகிறேன் என்று சிற்பக் கூடம் ஒன்றில் மாதக் கணக்காக உட்கார்ந்திருந்தார். எந்த நாடு என்று இரண்டு தடவை சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. ஓட்டலில் நீ வாசித்ததைக் கேட்டுவிட்டு உன் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டார். அவருடைய தம்பி செத்துப்போயிருந்தான். அவனைப் பற்றி ஏதோ எழுதி வைத்திருந்தார். பாட்டாகப் பாட வராது, பேச்சாகத்தான் சொல்வேன், பின்னால் ஒரு வாத்தியம் வேண்டும் என்றார்.

நீ உன் வித்தையை எல்லாம் இறக்கினாய். புல்லாங்குழல், தபேலா, வயலின் கூட்டம், நடுவில் உன் பத்து விரலும் ஓடுகிற ஓட்டம். அவர் கேட்டார். கையை மெதுவாகக் கீழே அழுத்திக் காட்டினார், குறை என்று. நீ குழலை எடுத்தாய். மறுபடியும் கீழே அழுத்தினார். தபேலா போயிற்று. வயலின் போயிற்று. நான் டீ கொண்டுவந்தபோது நீ ஒற்றைக் கையால் நாலு கட்டையை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தாய், அதையும் தயங்கித் தயங்கி.

"இன்னாடா ஆச்சு? தூங்கிட்டியா? ஒரே எடத்துல குத்திகினு கீற?"

"வாசிக்காம இருக்கக் கத்துக்கினு கீறேன்க்கா."

"இத்த கத்துக்கவா அந்தக் காலத்துல எனக்கு அடி வாங்கி வச்ச?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் திட்டுகிறேன் என்று புரிந்துகொண்டு டீயை வேகமாகக் குடித்தார்.

அதற்கப்புறம் உன் வேலையே அதுதான் ஆனது. அது எப்படிச் செய்வது என்று நான் கேட்காமலே சொல்வாய், தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு. பியானோ கொஞ்ச நேரத்துக்கு மட்டும். அதையே திருப்பித் திருப்பிச் சுற்றவிட வேண்டும், துக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒரே நினைப்புத் திரும்பி வருகிற மாதிரி. கட்டை தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழவேண்டும். சத்தம் பளிச்சென்று இருக்கக்கூடாது. மேலே போர்வை போட்ட மாதிரி, பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரி மங்கலாக இருக்கவேண்டும். அடியில் டம்... டம் என்று தாளம். பேசுகிறவன் குரல் உடையப்போகிற இடத்தில் அந்தத் தாளத்தையும் பிடுங்கிவிட வேண்டும். அப்போது அவன் தனியாக நிற்பான். அப்புறம் எல்லாம் ஒன்றாக வந்து அவனைத் தாங்கிக்கொள்ளும்.

"பாதி காலியாத்தானடா கீது" என்றேன்.

"அது அவனோட எடம்க்கா. அழுவறவன் பக்கத்துல போயி நாம பேசக்கூடாது. சும்மா குந்திகினு இருக்கணும். இந்தப் பியானோ குந்திகினு கீது, அவ்ளோதான்."

எனக்கு அன்றைக்கு அது பெரிய பேச்சாகப் படவில்லை. மோரை ஊற்றிக்கொள் என்றேன்.

வெள்ளைக்காரர் ஊர்ப்பக்கம் இந்த மாதிரிப் பாட்டில் பழைய இசைத்தட்டின் கரகரப்பை அடியில் ஓடவிடுவார்களாம், எப்போதோ நடந்தது என்று தோன்றுவதற்கு. நம்மிடம் ஏது இசைத்தட்டு? நீ மழையைப் பிடித்துப் பார்த்தாய். கடல் இரைச்சலைப் பிடித்துப் பார்த்தாய். ஒன்றும் சரிப்படவில்லை. ஒரு நாள் நான் தாளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நின்றவன் அப்படியே நின்றுவிட்டாய். "அக்கா, நாளைக்கி இதே மாதிரி தாளிப்பியா?" என்றாய். "தாளிக்காம? நாளைக்கி மட்டும் வெறும் தண்ணியா குடிக்கப்போற?" என்றேன்.

நம் தெருவில் எதையும் மைக்கில் பிடிப்பது லேசில்லை. விடிந்தால் சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம், கல் அறுக்கிற மெஷினின் அலறல். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரம் மட்டும்தான் ஊர் வாயை மூடும். அதனால்தான் உனக்கும் எனக்கும் தினம் சண்டை. நான் சோறு போடுகிற நேரம்தான் உனக்கு வேலை செய்கிற நேரம்.

மறுநாள் உளிகள் நின்றதும் மைக்கை நீளமான வயரில் கட்டி என் சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாய். "பேசாதக்கா, தாளி போதும்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாய். நானும் வாயை மூடிக்கொண்டு தாளித்தேன். கடுகு அடங்கியது. அத்தோடு உன் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தட்டில் சோறு போட்டாயிற்று. எப்போதும் போல ஜன்னல் வழியாக மேலே பார்த்துக் கத்தினேன்: "டேய் தம்பி, சோறு ஆறுது, வாடா!" நீ இறங்கி வந்தாய். மைக்கைப் பார்த்தாய். தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய்.

"இன்னாடா சிரிப்பு?"

"ஒன்னுமில்ல. கொழம்ப ஊத்து."

வெள்ளைக்காரர் அந்த வாத்தியத்தின் மேல் தன் தம்பியைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்தார். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் படியிறங்கி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். உட்கார வைத்துச் சோறு போட்டேன். கையால் சாப்பிட்டார், சுத்தமாக. அதற்குள் அவர் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது.

அவர் மூலமாகவோ எப்படியோ, கடல்தாண்டி இருக்கிறவர்கள் உன்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பிவிட்டு வருவாய். அதில் சிலர் உன் வாத்தியத்தை எடுத்துத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டாம்: பாட்டின் தலையில் ஒரு குரலை வைத்துவிடுவார்கள், முத்திரை மாதிரி. மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்லி வைப்பார்களாம். நீ என் குரலை வைத்தாய். என்னிடம் கேட்கவில்லை. சொல்லவுமில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். நெட்டிலிருந்து பாட்டு எடுத்துச் செல்போனில் ஏற்றித் தருகிற கடை வழியாக நான் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே யாருடைய போனோ அடித்தது. "டேய் தம்பி, சோறு ஆறுது, வாடா!" கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் எழுந்து கும்பிட்டு, "தோ வந்துட்டேன்க்கா, இன்னா கொழம்பு?" என்றான். கடையே சிரித்தது. மீன் பையோடு நான் வீடுவரை எப்படி நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நேராக மாடிக்கு வந்தேன்.

"யாரக் கேட்டு என் குரல எடுத்த?"

"அக்கா, குந்து. சொல்றேன்."

"குந்தறதுக்கு வரல. ஊரே சிரிக்குது. இந்தத் தெருவுல நான் தல காட்டறதா வேணாமா? எடு அத்த. இப்பவே எடு."

"எடுத்தா இது யாரு போட்டதுன்னே தெரியாதுக்கா."

"உன் பேரச் சொல்லேன்டா! உனக்கு வாயில்ல?"

"என் பேரச் சொன்னா கடைக்கு போர்டு மாட்டின மாதிரி கீது. நீ கூப்ட்டா வூடு மாதிரி கீது."

"வூடா? நல்லா கீது உன் வூடு. அப்ப கேட்டுக்கோ. இனிமே நான் உன்னக் கூப்பிட மாட்டேன். பசிச்சா வா, இல்லாட்டி போ."

"கூப்பிடாம நீ இருப்பியா?"

"இருந்து காட்றேன் பாரு."

இருந்து காட்டினேன். அந்தக் குரலை நீ எடுக்கவில்லை; நானும் அதற்கப்புறம் உன்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. உளிச் சத்தம் நின்றதும் தட்டில் போட்டு, மேலே இன்னொரு தட்டை மூடி, படிக்கட்டின் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நீ மேலே உட்கார்ந்து, நான் கூப்பிடுவேனா என்று பார்ப்பாய். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, நீ இறங்குவாயா என்று பார்ப்பேன். சோறு நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருக்கும். கடைசியில் தகடு 'டணக்'கென்று ஆடும். சத்தம் கேட்டதும் நான் ஜன்னலைவிட்டு நகர்ந்துவிடுவேன். உன் மாமா தலையில் அடித்துக்கொள்வார்: "அக்காளும் தம்பியும் கீறீங்களே, இன்னா ஜென்மமோ!"

மற்ற பேச்செல்லாம் பேசினோம். பிள்ளைகள் படிப்பு, கரண்டு பில், உன் கல்யாணம், நீ பார்த்து வேண்டாமென்ற பெண்கள், எல்லாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. உன் பாட்டும் நான் கேட்கவில்லை. மேலிருந்து வந்தால் பாத்திரத்தை உருட்டுவேன். ஒரே ஒரு தடவை, கேட்காமல் இருக்க முடியாமல், "அந்த டம் டம் எதுலடா அடிக்கிற? என் அரிசி டின்னா?" என்று கேட்டேன்.

"வூட்டு சாமான்தான். கண்டுபுடி பாப்போம்" என்றாய்.

அரிசி டின்னை எடுத்துப் பார்த்தேன். நெளிந்திருந்தது. அதுதான் என்று முடிவுகட்டி, அதற்கும் சேர்த்து உன்மேல் கோபமாக இருந்தேன்.

பிறகு உன் கண் மஞ்சளானது. வயிறு ஊதியது. செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், நாம் பிறந்த ஊருக்கே திரும்பிப் போன மாதிரி. நான் உன் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு மனதுக்குள் இறங்கிவந்துவிட்டேன். வீம்பு போதும், இந்தப் பயலைக் கூப்பிட்டுவிடலாம் என்று. ஆனால் எதற்கு என்று கூப்பிடுவது? வாய்வழியாக ஒன்றும் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உதட்டை ஈரத்துணியால் நனைக்க மட்டும்தான் எனக்கு அனுமதி. சோறே இல்லாமல் சோறு ஆறுது என்று எப்படிச் சொல்வேன், தம்பி?

நீதான் கேட்டாய். "அக்கா, இன்னைக்கி வூட்ல இன்னா கொழம்பு?"

"காரப்பொடி மீனு" என்றேன். வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

"புளி தூக்கலா?"

"தூக்கலாத்தான். மாங்கா போட்டிருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டாய். கட்டில் கம்பியில் உன் விரல் ஆடியது. தட்டி, நிறுத்தி, தட்டி, நிறுத்தி. கடைசித் தட்டு வரவேண்டிய இடத்தில் விரலைத் தூக்கியபடியே வைத்திருந்தாய். நர்ஸ் வந்து கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

நீ போன பிறகு மாடி அறையைப் பூட்டினோம். பூட்டித் திறப்பதற்குள் உப்புக்காற்று உன் கம்ப்யூட்டரைத் தின்றுவிட்டது. ரிப்பேர்க்காரன் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே எல்லாம் பச்சை பூத்திருந்தது. "இதுல இருந்து ஒன்னும் எடுக்க முடியாதும்மா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உன் பாட்டு ஒன்றுகூட என்னிடம் இல்லை என்று. ஓட்டலில் கேட்டேன். செல்போன் கடையில் கேட்டேன். அன்றைக்குக் கும்பிட்டவனைத் தேடிப் போய்க்கூடக் கேட்டேன். போன் மாற்றிவிட்டானாம். இத்தனை வருஷமாக என்னிடம் இருந்தது அந்த விட்டுப்போன கட்டை ஒன்றுதான். தரை துடைக்கும்போது, மீன் அலசும்போது, அந்தச் சுற்று என் தலைக்குள் ஓடும். நாலாவதில் நிற்கும்.

இப்போது இந்தப் பெண்ணின் போனிலிருந்து வருகிறாய்.

பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை நிவேதா போனில் உருட்டி உருட்டிப் படித்துச் சொன்னாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ எழுதியிருக்கிறார்கள். அப்பா செத்துப்போன ஒரு பெண். சிநேகிதனைப் பறிகொடுத்த ஒருவன். இதைப் போட்டுக்கொண்டு காரில் அழுகிறேன் என்கிறான் இன்னொருவன். பாட்டுக்கு மேலே வேறு எவனுடைய பெயரோ இருக்கிறது. அந்தப் பெயரைப் பேத்தியிடம் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். மறக்கமாட்டேன்.

"உன் குரலப் பத்தித்தான் ஆயா நெறைய பேரு கேக்கறாங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு, செத்துப்போன புள்ளைய நெனச்சு ஒரு தாய் ஒப்பாரி வைக்கிறான்னு."

"யாருக்குடி நான் ஒப்பாரி வச்சேன்? எழுது அவனுக்கு. அது ஒப்பாரி இல்ல, மத்தியானச் சோறுன்னு எழுது. வாசிச்சவன் என் தம்பின்னும் எழுது."

எழுதினாள். மறுநாள் எவரோ ஒருவர் பதில் போட்டிருந்தார், அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டு. படித்துக் காட்டிய பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஆயா, போன் ஸ்பீக்கர்ல பாதிதான் கேக்கும். அடிச்சத்தம் எல்லாம் வராது. இத மாட்டிக்கினு கேளு" என்று காதை மூடுகிற பெரிய ஹெட்செட்டை என் தலையில் வைத்தாள்.

கடுகு வெடித்தது, என் காதுக்குள்ளேயே. நான் கத்தினேன். அப்புறம் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேனே, அந்த இடம். அங்கே ஒன்றுமில்லாமல் இல்லை. டம். டம். டம். 'டணக்.'

நிவேதா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

அரிசி டின் இல்லை. அந்தத் தகட்டின் சத்தம் எனக்குத் தெரியாதா? ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை மத்தியானம் அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்! மைக் என் ஜன்னலில் தொங்கியபோது நான் கூப்பிட்டதும் பதிவானது. கூப்பிட்ட உடனே நீ இறங்கி வந்த காலடியும் பதிவானது. என் குரலைப் பாட்டின் தலையில் வைத்தவன், உன் காலைப் பாட்டின் அடியில் வைத்திருக்கிறாய். அதுதான் தாளம். பாட்டு முழுக்க நீ படியிறங்கிக்கொண்டே இருக்கிறாய். பியானோ சுற்றி வருகிறது, நீ இறங்குகிறாய். மறுபடி சுற்றி வருகிறது, மறுபடி இறங்குகிறாய். தகடு ஆடுகிறது. நான் கூப்பிட மாட்டேன் என்று வீம்பாக இருந்த அத்தனை நாளும், மாடியில் உட்கார்ந்துகொண்டு நீ இந்தச் சத்தத்தைத்தான் நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாயா? கண்டுபிடி என்றாயே, வாயைத் திறந்து சொன்னால் என்ன உனக்கு?

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்காமல் எடுத்தது தப்பு, இன்றைக்கும் தப்பு. சொல்லாமல் போனது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் நான் விடப்போவதில்லை.

அந்தப் படிக்கட்டு இப்போது இல்லை. துருப்பிடித்து ஆடியதால் உன் மாமா இருந்தபோதே எடுத்துவிட்டோம். ஜன்னல் இருக்கிறது. உளிச் சத்தம் இருக்கிறது. மத்தியானம் அது நிற்கிற நேரமும் இருக்கிறது.

நிவேதா காலேஜுக்குக் கிளம்புகிறபோது பழைய போன் ஒன்றில் அந்தப் பாட்டை ஏற்றி, ஹெட்செட்டையும் எனக்கே விட்டுப்போனாள். எந்த இடத்தை அமுக்கவேண்டும் என்று சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறாள். நான் அதை அப்படியே போடுவதில்லை. அந்தக் குரலுக்குப் பல் இருந்தது, கோபமும் இருந்தது. அதை எனக்குப் பதிலாகப் பேசவிட மனசில்லை. பொட்டைத் தொட்டு, கடுகு வெடிக்கும்போதே ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, பழைய குரல் வருவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. தெரு அமைதியாக இருக்கிறது. தட்டில் சோறு போட்டாயிற்று.

டேய் தம்பி, சோறு ஆறுது, வாடா.